ஃபிளாஷ் போடாதவன்

நவம்பர் 3, ஞாயிறு

உரக்கம்பெனிக்காரர்கள் கொடுத்த டைரி பத்து மாதமாக அலமாரியில் சும்மா கிடந்தது. உரக்கடையில் பில் போடுகிறவனுக்கு டைரி எதற்கு என்று தூக்கிப் போட்டிருந்தேன். இன்று முதல், படம் எடுப்பதில் கற்றுக்கொள்வதை இதில் எழுதப்போகிறேன்.

முதல் பாடம்: வெளிச்சம் இல்லை என்று அழுகிறவனுக்குப் படம் வராது. சங்கரன்கோவிலில் நாங்கள் இருக்கும், வரிசையாக ஒட்டிக் கட்டிய வளவு வீட்டுக்கு மொத்தம் ஒரே ஒரு ஜன்னல், அதுவும் அடுப்படியில். காலையில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்க்கும். மற்றபடி பகலிலும் பல்புதான். இந்த வீட்டுக்குள் வைத்துத்தான் என் மகள் தாமிராவை எடுத்தாக வேண்டும். அவளுக்குப் பத்து மாதம் முடிந்து பதினொன்று நடக்கிறது. ஓரிடத்தில் இருக்க மாட்டாள்.

கேமரா பழையது. திருநெல்வேலியில் ஸ்டூடியோவை மூடிய ஒருவரிடம் வாங்கினேன். கூட வந்த ஐம்பது எம்எம் லென்ஸ்தான் என் சொத்து. அதன் வாயை முழுக்கத் திறந்துவிட்டால் இருட்டையும் நக்கிக் குடிக்கும். இன்று என் வெள்ளை வேட்டியை ஜன்னலுக்கு எதிரே கொடியில் விரித்துத் தொங்கவிட்டேன். ஜன்னல் வெளிச்சம் வேட்டியில் பட்டுத் திரும்பி, பிள்ளையின் மறுபக்கக் கன்னத்துக்கு வந்தது. பக்கத்தில் பல்பும் எரிந்தது. ஸ்டாண்டு வாங்க வழியில்லை. ஒரு உளுந்துப் பையைத் தரையில் வைத்து அதன்மேல் கேமராவைப் பதித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அசையவில்லை.

ஃபிளாஷ் மட்டும் கிடையாது. பச்சைப்பிள்ளை முகத்தில் ஃபிளாஷ் அடிப்பதும் செவிட்டில் அறைவதும் ஒன்று. போதாததற்குக் கண் இரண்டும் சிவந்து பேய்ப்பிள்ளையாக விழும். இவள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் என் மச்சினன் வேல்ச்சாமி செல்லை நீட்டிக்கொண்டு வந்தான். கையைத் தட்டிவிட்டேன். இதுவரை என் பிள்ளை மேல் ஒரு ஃபிளாஷ் விழுந்ததில்லை. இனியும் விழ விடமாட்டேன்.

நவம்பர் 6, புதன்

ஃபேஸ்புக்கில் எங்களைப் போன்ற ஏழைக் கேமராக்காரர்கள் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறோம். வேட்டி வெளிச்சப் படத்தை அங்கே போட்டேன். குவிந்துவிட்டார்கள். "சார், கண்ணுல அந்த ஒளி எப்படிக் கொண்டுவந்தீங்க" என்று ஒருவர் கேட்டிருந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. கடையில் இன்று இரண்டு பில் தப்பாகப் போட்டேன்.

செல்வியிடம் காட்டினேன். என் மனைவி எதையும் சட்டென்று நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிடமாட்டாள். படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஏங்க, இடது கண்ணு மட்டும் பூனைக்கண்ணு மாதிரி மின்னுது?"

"அது பல்பு வெளிச்சம். கண்ணுல விழுந்து திரும்புது. படம் எடுக்கவங்க அதுக்குத் தவங்கெடப்பாங்க."

"பல்பு வலது பக்கம்லா இருந்துச்சு."

"இடது பக்கம்."

"நேத்து சாயந்திரம் நேர்லயும் பாத்தேங்க. தொட்டில்ல கெடந்து திரும்பும்போது ஒரு நொடி அப்படித்தான் மின்னுச்சு."

வெளிச்சம் எங்கே பட்டு எங்கே திரும்பும் என்று அவளுக்குப் பாடம் நடத்தினேன். கேட்டுக்கொண்டிருந்துவிட்டு அரிசி களையப் போய்விட்டாள். பல்பு எந்தப் பக்கம் இருந்தது என்று இப்போது எனக்கே குழப்பமாக இருக்கிறது. எந்தப் பக்கம் இருந்தால் என்ன.

நவம்பர் 10, ஞாயிறு

டிவி வந்த பெட்டியில் கிடந்த தெர்மாகோல், வேட்டியைவிட நன்றாக வெளிச்சத்தைத் திருப்புகிறது. வேட்டி மடிப்புக்கு மடிப்பு நிழல் காட்டும். இது காட்டாது.

அடுத்த வீட்டுச் சண்முகத்தாய் மதினி வந்திருந்தார். பிள்ளையை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு, "ஏளா செல்வி, பிள்ளைக்கு இடது கண்ணு லேசா ஒதுங்குதே, மாறுகண்ணுல்லா" என்றார். செல்வி முகம் செத்துவிட்டது. மதினியே சமாதானமும் சொன்னார். "எதுக்கு மூஞ்சியைத் தொங்கப் போடுத? மாறுகண்ணுப் பிள்ளை இருக்க வீட்டுல லெச்சுமி தங்கும். எங்க சின்னம்மை மகளுக்கு மாறுகண்ணுதான். வாக்கப்பட்ட வீட்டுல மாடி மேல மாடி கட்டிட்டாக."

எனக்கும் அந்த நம்பிக்கை உண்டு. லேசான மாறுகண் அழகு. படத்தில் ஒரு குறும்பு வரும்.

நவம்பர் 14, வியாழன்

தவழ்ந்து வரும்போது கதவு நிலையில் இடித்துக்கொண்டாள். இடது நெற்றியில் புடைத்திருக்கிறது. போன வாரமும் அதே பக்கம். செல்வி மஞ்சள் அரைத்துப் பூசினாள். "சங்கரன்கோவில்ல கண்ணு டாக்டர் யாரும் இருக்காங்களா" என்று கேட்டாள். தவழ்கிற பிள்ளை இடிக்காமல் வேறு யார் இடிப்பார்கள் என்றேன். முதலில் காதுகுத்து முடியட்டும்.

நவம்பர் 24, ஞாயிறு

காதுகுத்து முடிந்தது. மனதுதான் கெட்டுவிட்டது.

எங்கள் சாஸ்தா கோவில் மண்டபம் கல்மண்டபம். உச்சிவெயிலிலும் உள்ளே மங்கல்தான். அதற்காகவே நேற்றே போய்ப் பார்த்து, எந்தத் தூண் இடைவெளியில் வெளிச்சம் விழுகிறது, வேல்ச்சாமி எங்கே உட்கார வேண்டும் என்று சாக்பீஸால் கோடு போட்டுவிட்டு வந்தேன். தாய்மாமன் மடியில்தான் காது குத்த வேண்டும். திருப்பூரிலிருந்து சீர்த்தட்டோடு வந்த வேல்ச்சாமி, கோட்டைப் பார்த்து "அத்தான், கபடி எதுவும் வெளையாடணுமா" என்று சிரித்தான். உட்காரச் சொன்ன இடத்தில் உட்கார்ந்தான். அதுவரை குறை சொல்ல முடியாது.

ஆசாரி ஊசியை எடுத்தார். நான் தெர்மாகோலை ஒருவரிடம் பிடிக்கக் கொடுத்துவிட்டு, தூணில் சாய்ந்து, மூச்சைப் பிடித்து, அவள் உதடு பிதுங்குகிற நொடிக்குக் காத்திருந்தேன். பளீர். மண்டபமே வெளுத்தது. வேல்ச்சாமி, மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டே கையை நீட்டிச் செல்லில் தன்னையும் அவளையும் எடுத்துக்கொண்டிருக்கிறான், ஃபிளாஷ் போட்டு.

சொந்தபந்தம் எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். "கூறு இருக்கால உனக்கு" என்றுகூடச் சொல்லிவிட்டேன். தாய்மாமனைச் சபையில் அப்படிச் சொல்லக்கூடாதுதான். அவன் பந்தியில் பாயசம் வேண்டாம் என்று எழுந்துவிட்டான். செல்வி வரும் வழியெல்லாம் பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தாள்.

நவம்பர் 25, திங்கள்

வேல்ச்சாமி பெரிய மனதுக்காரன். திருப்பூர் போய்ச் சேர்ந்ததும் அவனே அழைத்தான். "அத்தான், படத்துல பாப்பாவுக்கு ஒரு கண்ணு செவப்பா விழுந்துட்டு, ஒரு கண்ணு வெள்ளையா விழுந்துட்டு. நீங்க சொன்னது சரிதான், ஃபிளாஷ் போட்டிருக்கக் கூடாது. சரி பண்ணித் தாங்க, ஃபிரேம் போட்டு மாட்டணும்."

எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. படத்தை வாங்கிக் கம்ப்யூட்டரில் போட்டேன். வலது கண் சிவப்பு. இடது கண்ணின் நடுவில் பால் விட்டது போல வெள்ளை. எல்லாம் ஃபிளாஷ் படுத்துகிற பாடு. வலது கண்ணைக் கறுப்பாக்கி, அதையே வெட்டி இடது கண்ணிலும் ஒட்டி, ஓரத்தை மழுப்பினேன். ஒட்டின தடம் எனக்கே தெரியவில்லை. அனுப்பிவிட்டேன்.

இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் குழுவில் போட்டேன். "ஃபிளாஷ் ஒரு குழந்தையின் கண்ணை என்ன செய்கிறது பாருங்கள்" என்று தலைப்பு. வேல்ச்சாமியும் பார்க்கட்டும் என்று அவனையும் டேக் செய்தேன்.

நவம்பர் 27, புதன்

நிறையப் பேர் பாராட்டியிருக்கிறார்கள். ஒரு பெண்மணி மட்டும், தென்காசிப் பக்கம் டீச்சராம், இப்படி எழுதியிருந்தார்: "தம்பி, தப்பாக நினைக்க வேண்டாம். ஒரு கண் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தால் உடனே கண் டாக்டரிடம் காட்டுங்கள். எங்கள் அக்கா மகனுக்கு இப்படித்தான் இருந்தது. தள்ளிப்போடாதீர்கள்."

அதன் கீழே நான்கைந்து பேர் என்ன நோய், என்ன நோய் என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். என் பிள்ளையின் கண்ணை வைத்து ஊரே பேசுவதா? அந்த அம்மா எழுதியதை அழித்தேன். அப்புறம் பதிவையே எடுத்துவிட்டேன். பிள்ளை படத்தைப் பொதுவில் போட்டால் கண்ணேறுதான் வந்து சேரும். செல்வியிடம் சொல்லவில்லை. சொன்னால் இன்றே ஒப்பாரி வைப்பாள்.

சாயந்திரம் மூன்று மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போடச் சொன்னேன். எதற்கு என்று கேட்டாள். காது குத்தின பிள்ளைக்கு எல்லார் கண்ணும் பட்டிருக்கும் என்றேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

எழுத ஒன்றும் இல்லை. படம் எடுக்கவில்லை.

டிசம்பர் 2, திங்கள்

கம்ப்யூட்டரில் இடம் இல்லை, வேண்டாத படங்களை அழிக்கலாம் என்று உட்கார்ந்தேன். அவள் பிறந்த நாளிலிருந்து வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்தேன். ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்ப்பதில் நேரம் போய்விட்டது. ஜன்னல் பக்கம் திரும்பியிருக்கிற படங்களில் ஒன்றும் இல்லை. பக்கவாட்டில் பல்பு இருக்கிற படங்களில், ஆகஸ்டுக்கு அப்புறம், சிலவற்றில் அந்த ஒளி இருக்கிறது. எல்லாவற்றிலும் இடது கண்.

லென்ஸில் ஏதாவது கோளாறாக இருக்கலாம். பழைய லென்ஸ். ஒரு படத்தையும் அழிக்கவில்லை.

டிசம்பர் 5, வியாழன்

லென்ஸைக் கழற்றித் துடைத்தேன். சண்முகத்தாய் மதினியின் பேரனை உட்காரவைத்து அதே இடத்தில், அதே பல்பில் பத்துப் படம் எடுத்துப் பார்த்தேன். அவன் கண்ணில் ஒளி வரவில்லை. அவன் சரியான பக்கம் திரும்பவில்லை.

தாமிராவோடு கண்ணாமூச்சி விளையாடினேன். இடது கண்ணை என் உள்ளங்கையால் மூடினால் கெக்கலி கொட்டிச் சிரிக்கிறாள். கையிலிருந்த கிலுகிலுப்பையை ஆட்டிக்கொண்டே இருக்கிறாள். வலது கண்ணை மூடினால் கத்துகிறாள். கையைப் பிறாண்டித் தள்ளுகிறாள். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அப்படியேதான். பிள்ளைகளுக்குச் சில விளையாட்டு பிடிக்கும், சில பிடிக்காது. செல்வி அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "என்ன பண்ணுதீங்க" என்று கேட்டாள். விளையாடுகிறேன் என்றேன்.

டிசம்பர் 9, திங்கள்

கடையில் சரக்கு எண்ணிக்கை. ராபி பருவ உழவு நேரம், உரத்துக்குக் கூட்டம், லீவு கேட்க முடியாது. கேட்கவும் இல்லை. கார்த்திகைக்கு அகல் வாங்க வேண்டும்.

டிசம்பர் 13, வெள்ளி

கார்த்திகை. நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

பொழுது அடைந்ததும் செல்வி வாசலிலும் நடைப்படியிலும் அகல் ஏற்றினாள். விளக்கு வெளிச்சம் மட்டும் போதும், பல்பை அணை என்றேன். ஒரு வருடமாக நான் ஆசைப்பட்ட வெளிச்சம் அது. பட்டுப்பாவாடை கட்டி, தாமிராவை விளக்கு வரிசைக்குப் பக்கத்தில் உட்காரவைத்துச் செல்வி பின்னால் பிடித்துக்கொண்டாள். நான் தரையில் குப்புறப் படுத்து, உளுந்துப் பையில் கேமராவை வைத்து எடுக்க ஆரம்பித்தேன். படம் என்றால் அதுதான் படம். ஒரு பக்கக் கன்னம் பொன்னாக இருந்தது. அவள் விளக்கைப் பிடிக்கத் திரும்பும்போதெல்லாம் இடது கண்ணுக்குள் மஞ்சளாக ஒன்று மின்னி மின்னி அணைந்தது. லென்ஸில் பார்த்தேன். லென்ஸை விட்டுத் தலையைத் தூக்கி வெறுங்கண்ணாலும் பார்த்தேன். மின்னியது. நான் மறுபடி குனிந்து லென்ஸில் கண்ணை வைத்துக்கொண்டேன்.

அப்போதுதான் வேல்ச்சாமி அழைத்தான். கார்த்திகைப் பொரி உருட்டியாயிற்றா என்று கேட்கத்தான் தன் அக்காவை அழைத்திருக்கிறான். செல்வி ஸ்பீக்கரில் போட்டாள். பேச்சோடு பேச்சாக, "யக்கா, அந்தத் தென்காசி டீச்சர் சொன்னாங்களே, பாப்பாவ ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனீங்களா, டாக்டர் என்ன சொன்னாரு?" என்றான்.

"எந்த டீச்சர்?"

"அத்தான் போட்ட படத்துக்குக் கீழ எழுதியிருந்தாங்கல்லா, கண்ணு வெள்ளையா இருந்தா உடனே காட்டணும்னு. நானும் அத்தான் கூட்டிட்டுப் போயிருப்பாகன்னு நெனச்சேன்."

செல்வி போனை வைத்தாள். பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் முன்னால் வந்து நின்றாள்.

"அந்தம்மா என்னைக்கு எழுதுச்சு?"

சொன்னேன்.

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"அழிச்சிட்டேன்."

"சரி. இப்ப ஃபிளாஷ் போட்டு எடுங்க."

"செல்வி, பிள்ளைக்குக் கண்ணு கூசும்."

"எடுங்க."

என் கேமராவில் ஃபிளாஷ் எந்தப் பொத்தானில் வரும் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. தேடி எழுப்பினேன். அவள் பிள்ளையின் தாடையைப் பிடித்து நேராக வைத்தாள். அழுத்தினேன். தாமிரா அழவில்லை. பளிச்சென்று வந்த வெளிச்சத்தைப் பார்த்து ஆச்சரியமாக வாயைத் திறந்தாள், இன்னொரு தரம் வேண்டும் என்பது போலக் கையைக் கேமராவுக்கு நீட்டினாள்.

இரண்டு பேரும் கேமராவின் சின்னத் திரையைக் குனிந்து பார்த்தோம். வலது கண் சிவப்பு. இடது கண் வெள்ளை. இதை மழுப்பி ஒட்டியவன் நான்.

செல்வி உள்ளே போய்த் துணி எடுத்துவைக்க ஆரம்பித்தாள். வாசலில் விளக்குகள் எரிந்து தானாக அணைந்தன. யாரும் எண்ணெய் விடவில்லை.

டிசம்பர் 14, சனி

மதுரை. கண் ஆஸ்பத்திரி. முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டோம். கண்ணில் சொட்டு மருந்து விட்டார்கள், விளக்கு அடித்துப் பார்த்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள். ஒரு டாக்டர் பார்த்துவிட்டு இன்னொரு டாக்டரைக் கூப்பிட்டார். அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

பெரிய டாக்டரம்மா எங்களை உட்காரச் சொல்லிப் பேசினார். கண்ணுக்குள் கட்டி. குழந்தைகளுக்கு வருகிற ஒருவிதப் புற்றுநோய். இடது கண்ணில் பார்வை ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் இப்போதைக்கு ஒன்றும் இல்லை.

"எப்ப இருந்து இந்த வெள்ளை தெரியுதுன்னு பாக்கணும். ஃபிளாஷ் போட்டு எடுத்த பழைய போட்டோ வீட்டுல இருக்கா? மூணு மாசம், ஆறு மாசம் முன்னாடி எடுத்தது?"

"ஃபிளாஷ் போட்டு எடுக்கிறது இல்லைங்க."

"ஒண்ணு கூடவா? பிறந்தநாள், கல்யாண வீடு, எங்கயாவது?"

"இல்லைங்க. நான் விட்டதில்லை."

டாக்டரம்மா எழுதிக்கொண்டார். என் மகளின் படம் என்னிடம் ஆயிரத்துக்கு மேல் இருக்கிறது. இவர்களுக்கு உதவுகிற மாதிரி ஒன்றுகூட இல்லை. மூன்று வாரம் முந்தி வந்திருந்தால் கண்ணைக் காப்பாற்றியிருக்கலாமா என்று நானே கேட்டேன். மூன்று வாரத்தில் பெரிதாக மாறியிருக்காது, மூன்று மாதம் முந்தி என்றால் முயற்சி செய்து பார்த்திருக்கலாம் என்றார். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்.

"கண்ண எடுத்துட்டா உயிருக்கு பயம் இல்ல. வெளிய பரவுறதுக்கு முன்னாடி எடுத்துடணும். தள்ளிப்போட வேண்டாம்."

செல்வி "எடுத்துருங்கம்மா" என்றாள். என்னைப் பார்க்கவில்லை.

டிசம்பர் 16, திங்கள்

மார்கழி பிறந்துவிட்டது. ஊரிலிருந்து என் அண்ணன் பேசினார். மார்கழியில் பிள்ளை மேல் கத்தி வைக்க வேண்டாம், தை பிறக்கட்டும் என்றார். போன மாதமாக இருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன். போனை வைத்துவிட்டேன்.

செல்வி திட்டினால்கூடத் தேவலை. "அன்னைக்கே சொன்னேன்லா" என்று ஒரு வார்த்தை வரும், வரும் என்று பார்க்கிறேன். வரவில்லை. பால் வாங்கணும், சொட்டு மருந்து நேரம் ஆயிட்டு, அவ்வளவுதான் பேசுகிறாள்.

டிசம்பர் 19, வியாழன்

காலையில் உள்ளே கொண்டுபோனார்கள். மயக்க மருந்துக்கு முன்னால் செல்வி இடது கண் இமை மேல் முத்தம் கொடுத்தாள். நானும் கொடுத்தேன். எனக்கு அழுகை அடங்கவில்லை. மதியத்துக்குள் முடிந்துவிட்டது. கட்டுப் போட்டிருக்கிறார்கள்.

டிசம்பர் 20, வெள்ளி

கட்டோடு எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கிறாள்.

ஜனவரி 2, வியாழன்

எடுத்த கண்ணைச் சோதித்துவிட்டார்கள். வெளியே பரவவில்லை. செல்வி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வலது கண்ணைப் பற்றிக் கேட்டோம். இப்போதைக்குச் சுத்தமாக இருக்கிறது, ஆனால் பின்னால் அதிலும் வரலாம், வராமலும் போகலாம், சில வருடம் விடாமல் பார்க்க வேண்டும் என்றார் டாக்டரம்மா. வீட்டில் ஃபிளாஷ் போட்டுப் பார்த்துக்கொள்ளலாமா என்றேன். "பாருங்க, தப்பில்ல. சிவப்பா விழுறதுதான் நல்ல கண்ணு. ஆனா படத்த நம்பிக்கிட்டு வராம இருந்துடாதீங்க. படத்துல தெரியிறதுக்கு முன்னாடியே நாங்க கண்டுபிடிக்கணும். சொன்ன தேதிக்குக் கொண்டுவந்துடணும்." அடுத்த தேதியைச் செல்வி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள். என்னிடம் கொடுக்கவில்லை.

ஜனவரி 3, வெள்ளி

வீட்டுக்கு வந்தோம். தென்காசி டீச்சருக்கு எழுதினேன். நடந்ததை எழுதினேன். உடனே பதில் வந்தது. அவர்கள் அக்கா மகன் இப்போது எட்டாம் வகுப்பு படிக்கிறானாம். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். தாமிரா எழுந்து நின்றாள். வலது பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு இரண்டு எட்டு வைத்தாள். செல்வி சிரித்தாள், பிள்ளையைப் பார்த்துத்தான்.

ஜனவரி 19, ஞாயிறு

இன்று முதல் தடவையாக மறுபடி கேமராவை எடுத்தேன். கொடியில் வேட்டி இல்லை, தெர்மாகோல் இல்லை. நடுவீட்டில் பிள்ளையை உட்காரவைத்து, ஃபிளாஷை எழுப்பி, நேருக்கு நேர் அழுத்தினேன். வெளுத்துப்போன சுவர், தட்டையான முகம், பின்னால் கன்னங்கரேல் என்று ஒரு நிழல். குழுவில் போட்டால் அடித்து விரட்டுவார்கள். நடுவில் அவளுடைய ஒற்றைக் கண்.

அடுப்படியில் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது.

"செவப்பா?" என்று செல்வி கேட்டாள். மருந்து, பால் என்றில்லாமல் ஒரு மாதத்துக்கு மேல் கழித்து அவள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி.

"செவப்புதான்."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

படத்தைப் பெரிதாக்கி மறுபடி பார்த்தேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து என்னிடமிருந்து கேமராவை வாங்கி, தானே பார்த்தாள்.